வில்லைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தவள்

மயிலாப்பூர், சென்னை
தை மாதம், ஞாயிறு இரவு

அன்புள்ள திலகா,

உன் கடிதம் பொங்கலுக்கு முந்தைய நாளே வந்துவிட்டது. கரும்பும் மஞ்சள் கொத்தும் வாங்கப் போன இடத்தில் கால் பிசகி, வீக்கம் வடிய இரண்டு வாரம் ஆனதால்தான் பதில் இவ்வளவு தாமதம். இப்போது மாடிப்படி ஏறுகிறேன். இறங்கும்போது மட்டும் கைப்பிடியை விடுவதில்லை. பேத்திக்குக் காது குத்திய படம் பார்த்தேன். அழுகிற முகத்திலும் உன் மாமியாரின் மூக்கு அப்படியே தெரிகிறது.

இனி, நீ நான்கு பக்கம் கோபித்துக்கொண்ட விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு நீ வந்திருந்தபோது பென்டிரைவில் போட்டுக் கொடுத்த 'எ த்ரோ ஆஃப் டைஸ்' என்ற ஊமைப்படத்தைப் பார்த்துவிட்டு இரண்டு குற்றம் சாட்டியிருக்கிறாய். 1929-இல் வந்த படத்துக்கு 2006-இல் நிதின் சாஹ்னி இசை அமைத்தது, பழைய கோயில் சிற்பத்துக்கு எனாமல் பெயின்ட் அடித்ததைப் போன்றது என்பது ஒன்று. ரஞ்சித், சோகன் என்ற இரண்டு அரசர்கள் பகடை ஆடிப் போட்டியிடும் அந்தப் படத்தில் வரும் சுனிதா ஒரு பெண்ணே அல்ல, வெறும் பந்தயப் பொருள். அதை அழகான இசை மூடி மறைக்கிறது, ஆகவே இசையும் உடந்தை என்பது மற்றொன்று. முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதைப் பாதிக்கு மேல் ஏற்கிறேன், ஆனால் நீ சொன்ன காரணத்துக்காக அல்ல.

ஊமைப்படக் காலத்தில் பெரும்பாலான கொட்டகைகளில் படம் ஊமையாக ஓடியதில்லை, திலகா. திரைக்குப் பக்கத்தில் ஆர்மோனியமும் தபலாவும் இருந்தன. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் நின்றுகொண்டே கதை சொன்னார். அண்ணா சாலை அஞ்சலக வளாகத்தில் தபால்தலை வாங்க உன்னோடு ஒரு முறை வந்தேனே, அந்தப் பழைய கட்டடம் 1913-இல் எலெக்ட்ரிக் தியேட்டராக இருந்தது. ஒரே படத்துக்குக் கொட்டகைக்குக் கொட்டகை வேறு இசை, வாசிப்பவரின் அன்றைய மனநிலைக்கு ஏற்ப ஆட்டத்துக்கு ஆட்டம் வேறு இசை என்றுதான் இருந்திருக்கும். சிற்பத்துக்குக் கல்லின் நிறம் சொந்தம். பெரும்பாலான ஊமைப்படங்களுக்கு அப்படிச் சொந்தமான இசை ஒன்று கிடையாது. சாஹ்னி அந்த ஆர்மோனியக்காரரின் பாயில்தான் உட்கார்ந்திருக்கிறார். பின்னால் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது என்பதுதான் வித்தியாசம். 2007 ஆகஸ்டில், இந்திய சுதந்திரத்தின் அறுபதாம் ஆண்டையொட்டி, லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் திறந்த வெளியில் இந்தப் படத்தை அந்த இசையோடு காட்டினார்கள். மௌனமாகக் காட்டியிருந்தால் எத்தனை பேர் கடைசி வரை நின்றிருப்பார்கள் என்று யோசித்துப் பார்.

சுனிதாவைப் பற்றித்தான் நான் உன்னோடு நிதானமாகப் பேச வேண்டும். போன ஞாயிறு எங்கள் மொட்டை மாடியில் ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தோம். என் அண்ணன் மகள் யாழினி வயலின் வாசிப்பது உனக்குத் தெரியும். அவளும் கடம் வாசிக்கும் அவள் தோழியும் சேர்ந்து ஊமைப்படங்களுக்கு இசை அமைக்கும் பைத்தியத்தில் இருக்கிறார்கள். எட்டு முழ வேட்டியைக் கொடிக்கயிற்றில் இழுத்துக் கட்டித் திரை ஆக்கினோம். அக்கம்பக்கத்தார் இருபது பேர் வந்திருந்தார்கள். முழுப் படத்தையும் சாஹ்னியின் இசையோடு பார்த்து முடித்தபின், சூதாட்டக் காட்சியை மட்டும் இன்னும் இரண்டு முறை ஓட்டினோம்: ஒருமுறை சத்தமே இல்லாமல், ஒருமுறை பெண்கள் இருவரின் வாசிப்போடு. வாடகைக்கு எடுத்த ஸ்பீக்கர் நடுவில் உறுமத் தொடங்கி, அதைத் தட்டிச் சமாதானப்படுத்துவதற்குள் பாதிப் பேர் சுண்டலை முடித்துவிட்டார்கள்.

சத்தமில்லாமல் ஓடியபோது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் கேட்டது. இரண்டு அரசர்களும் கண்ணை உருட்டி உருட்டி விளையாடுவதைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தார்கள். இசை விலகியவுடன் அவர்கள் பள்ளிக்கூடத்துப் பின்பெஞ்சுப் பையன்களைப் போல ஆகிவிட்டார்கள். இதே காட்சியை ஆர்கெஸ்ட்ராவோடு பார்த்தபோது நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ரஞ்சித்தின் நாடு போகிறதே, அவனே அடிமை ஆகிறானே என்று மனம் பதறியது. அங்கேதான் உன் குற்றச்சாட்டுக்கு உயிர் இருக்கிறது என்று எனக்குப் பட்டது. இசை நம் பதற்றத்தை எல்லாம் வாரி எடுத்து ரஞ்சித்தின் மடியில் போட்டுவிடுகிறது; அவனோடு சேர்ந்து தோற்கப்படுகிறவளுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை.

யாழினி வேறு ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொண்டாள். பகடைக் காயும் ஆண்களின் முகமும் திரையில் இருக்கும்வரை கடம் மட்டும். சுனிதா திரையில் வந்தால்தான் வயலின். வயலினிலும் ராகம் இல்லை, பஞ்சமத்தில் ஒரே சுரம். கேட்பதற்கு எளிமையாகத் தோன்றும் இந்த ஏற்பாடு, காட்சி நகர நகர என்ன செய்தது தெரியுமா? அது ஆண்களின் ஆட்டம். காமிரா அவர்களை விட்டு எளிதில் நகர்வதாக இல்லை. தோழியின் விரல்கள் கடத்தின் கழுத்தில் காய் உருளுவதைப் போலவே ஓடிக்கொண்டிருக்க, யாழினி மோவாயில் வயலினை அழுத்தி, வில்லைத் தந்திக்கு ஓர் அங்குலம் மேலே நிறுத்தி, காத்துக்கொண்டே இருந்தாள். கை வலித்திருக்க வேண்டும், வில்லின் நுனி லேசாக நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் நாங்கள் எல்லோரும் திரையை விட்டுவிட்டு அந்த வில்லையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுனிதா எங்கே என்று முன்வரிசையில் ஒரு சிறுமி அம்மாவிடம் கேட்டாள்.

அதற்குப் பிறகு இரவு பத்தரை வரை வாதம். எதிர் வீட்டு மாமா, சபாவில் நாற்பது வருடம் முன்வரிசையில் உட்கார்ந்த உரிமையில், ராகமில்லாத வாசிப்பு என்ன வாசிப்பு, அந்த இடத்தில் ஒரு முகாரி போட்டிருந்தால் கல்லும் கரைந்திருக்கும் என்றார். முகாரி போட்டால் ஐயோ பாவம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவீர்கள் மாமா, அதனால்தான் போடவில்லை என்றாள் யாழினி. மேல் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை படத்துக்காகப் பரிந்து பேசினார். சூதாடிக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்று அப்பா மறுத்தும் சுனிதா தனக்கு வேண்டியவனைத் தானே தேர்ந்தெடுக்கிறாள், 1929-இல் திரையில் கூச்சமில்லாமல் அவனை முத்தமிடுகிறாள், இதைப் பந்தயப் பொருள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். இந்த இடத்தில் நீ கொஞ்சம் இறங்கி வரத்தான் வேண்டும். நடித்த சீதா தேவியும் பொம்மை அல்ல. ரெனி ஸ்மித் என்ற ஆங்கிலோ இந்தியப் பெண் அவர். முந்தைய ஆண்டு வந்த 'ஷிராஸ்' படத்தில் அரசி ஆகத் துடித்துச் சூழ்ச்சி செய்கிறவளாக வந்தார். ஒரே முகத்தை ஒரு படத்தில் சூழ்ச்சிக்காரி, அடுத்ததில் சாது என்று பிரித்து வைத்தது தயாரிப்பாளர் ஹிமான்சு ராயும் ஜெர்மானிய இயக்குநர் ஃபிரான்ஸ் ஓஸ்டனும் சேர்ந்த கூட்டணிதான். (உடை, அரங்க வேலைகளில் உதவியவர், ராயை மணந்த தேவிகா ராணி. அவருடைய அப்பா சென்னை மாகாணத்தின் முதல் இந்திய சர்ஜன் ஜெனரல் என்பதை மாமா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முகாரி விஷயத்தில் தோற்றதை அதில் ஈடு செய்துகொண்டார்.)

மென்பொருள் வேலையில் இருக்கும் ஒரு பையன், தொண்ணூறு வருடத்துக்கு மேல் பழைய படத்தை இன்றைய அளவுகோலால் அளப்பது நியாயமா என்றான். நீ இருந்திருந்தால் எழுந்தே நின்றிருப்பாய். நானே பதில் சொன்னேன். பாரதியின் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகம் 1912-இலேயே வந்துவிட்டது, முழுதும் 1924-இல் வந்தது. தன்னையே தோற்றுவிட்ட கணவனுக்கு மனைவியைப் பணயம் வைக்க ஏது உரிமை என்று சபை நடுவில் அவள் கேட்டாயிற்று. மூல பாரதத்தில் அதற்கும் எத்தனையோ நூற்றாண்டு முன்பே கேட்டாயிற்று. அளவுகோல் நம்முடையது அல்ல. மகாபாரதச் சூதாட்டத்தை எடுத்துக்கொண்ட படம், அந்தக் கதையில் இருந்த கேள்வியை மட்டும் கழற்றி வைத்துவிட்டது.

எனக்கு உண்மையில் உறுத்துவது அதுதான், திலகா. இந்தப் படத்துக்குக் காய் மோசடிக் காய் என்பதுதான் குற்றம். மோசடி வெளிப்பட்டதும் சோகன் பாறையிலிருந்து குதித்துச் சாகிறான், காதலர்களுக்குக் கல்யாணம் நடக்கிறது, கணக்குத் தீர்ந்துவிடுகிறது. காய் நேர்மையாக விழுந்திருந்தால்? அப்போது சுனிதா போனது சரிதானா? படம் அதைக் கேட்கவே இல்லை. சகுனியின் ஆட்டமும் வஞ்சகம்தான். ஆனால் பாஞ்சாலி அந்த வஞ்சகத்தோடு நிற்காமல், வைத்தவனின் உரிமையையே பிடித்துக்கொள்கிறாள். சாஹ்னியின் முடிவு இசை எவ்வளவு நன்றாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்தக் கேட்கப்படாத கேள்வி ஆழத்துக்குப் போகிறது. அதற்காக அவரை உடந்தை என்று நான் சொல்ல மாட்டேன். படத்தின் கூடவே நடக்க ஒப்புக்கொண்ட இசை அது, கூட நடக்கிறது. 'ஷிராஸ்' படத்துக்கு 2017-இல் அனுஷ்கா சங்கர் இசை அமைத்தார். அடிமையாக விற்கப்பட்ட செலிமா பேரரசி ஆகும் கதை அது. பெண் இசையமைத்தால் பெண் பாத்திரத்துக்குத் தானாக நியாயம் கிடைத்துவிடும் என்று நீ எழுதியிருப்பதை அதை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

உங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் கூத்துக்குக் கல்லூரி விடுமுறையில் நீ என்னை அழைத்துப் போனது நினைவிருக்கிறதா? பாஞ்சாலி வேடம் கட்டியவர் பகலில் அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர் என்று சொன்னாய். துகில் உரியும் இடத்தில் துச்சாதனன் வேடக்காரர் நின்று, பாஞ்சாலி வேடக்காரருக்கே கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டுத்தான் புடவையில் கை வைத்தார். அதுவரை காதைக் கிழித்துக்கொண்டிருந்த முகவீணை என்ற ஊதுகருவி, பாஞ்சாலி சபையைப் பார்த்துக் கேட்கத் தொடங்கியதும் சட்டென்று நின்றது. பாய் விரித்து உட்கார்ந்திருந்த கிழவிகள் பீஷ்மரைத் திட்டியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. யாழினியிடம் இதைச் சொன்னேன். அத்தை, இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டாள். முகவீணை எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று அவள் நேரில் கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம்.

ஆகவே கோயிலில் விசாரித்து, இந்த வருடம் கூத்து பங்குனியிலா சித்திரையிலா, துகில் இரவு என்றைக்கு வருகிறது என்று எழுது. நாங்கள் மூன்று பேர் வருவோம், கடக்காரப் பெண்ணையும் சேர்த்து. அவர்களுக்குப் பாய் போதும். என் கால் இன்னும் சம்மணம் போட விடவில்லை. எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சொல்லி வை, கிழவிகளுக்கு மறைக்காத இடமாகப் பார்த்து.

அன்புடன்,
வசந்தா