மணி கேட்கிறது, அழைப்பை எடுக்கும் பட்டன் எது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருச்சியில் ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் 9 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பிறவியிலேயே எனக்குப் பார்வை இல்லை. வலது காதில் வாடிக்கையாளர் பேசுவார். இடது காதில் இயர்போன் வழியே, திரையில் இருப்பதை என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் வாசிக்கும். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006-இல் தொடங்கிய இலவச ஸ்கிரீன் ரீடர் அது. என் சம்பளமே அதை நம்பித்தான்.

கணினியில் நிறுவியிருந்த பழைய மென்பொருளில் அழைப்பை எடுப்பது, ஹோல்டில் வைப்பது, வேறு பிரிவுக்கு மாற்றுவது எல்லாமே விசைப்பலகையில் முடிந்துவிடும். கடந்த தை மாதம் அதை எடுத்துவிட்டு, பிரவுசரில் திறக்கும் புதியதைக் கொண்டுவந்தார்கள். முதல் அழைப்புக்கு மணி அடிக்கிறது. டேப் விசையைத் தட்டத் தட்ட "பட்டன், பட்டன், பட்டன்" என்றே காதில் விழுகிறது. எடுப்பது எது, துண்டிப்பது எது? நான்காவதை அழுத்தினேன். அழைப்பு போய்விட்டது. மியூட் போட்டிருக்கிறதா என்பதையும் நிறம் மாறுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமாம். வயதான ஒருவர் "ஏம்மா, லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க, நான் மியூட்டிலேயே விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து இருக்கைத் தோழி வாசித்துக் காட்ட, பட்டன்களின் வரிசையை மனப்பாடம் செய்தேன். அடுத்த வாரமே மென்பொருளைப் புதுப்பித்தார்கள், வரிசை மாறிவிட்டது. இப்போது என்னை மின்னஞ்சல் பிரிவில் போட்டிருக்கிறார்கள். கோபத்தோடு வருகிறவரைப் பேசியே சமாதானப்படுத்துவதில் எங்கள் மையத்தில் எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்த வேலைதான் கைவிட்டுப் போயிருக்கிறது.

இதைச் சரிசெய்வது மலையைப் புரட்டும் வேலை இல்லை. படம் மட்டுமே உள்ள பட்டனுக்கு, மென்பொருளின் நிரலில் 'aria-label' என்ற ஒரு குறிப்பைச் சேர்த்துப் பெயர் கொடுத்தால் போதும், ஸ்கிரீன் ரீடர் "அழைப்பை எடு" என்று வாசித்துவிடும். மியூட் நிலையைச் சொல்லவும் அதே போல வழி இருக்கிறது. இந்திய தர நிர்ணய அமைவனம் இதற்கென்றே ஐ.எஸ். 17802 என்ற தரத்தை வகுத்திருக்கிறது. டிஜிட்டல் வசதிகளை அணுகுவது, அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

மென்பொருள் வாங்கும் மேலாளர்களிடம் நான் கேட்பது ஒன்றே. கையெழுத்துப் போடும் முன், மானிட்டரை அணைத்து, மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்கிரீன் ரீடர் துணையோடு ஒரே ஓர் அழைப்பை எடுத்துப் பேசிப் பாருங்கள். முடியவில்லை என்றால், சரிசெய்துவிட்டு வரும்படி விற்பவரைத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பார்வையற்ற வாசகி,
திருச்சி.