செருப்பு போட்டுக்கொண்டு தொடச் சொல்லும் வீட்டு உரிமையாளர்களுக்கு

வாடகைக்கு வீடு விட்டிருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

நான் மதுரையில் வயர்மேன். இருபத்திரண்டு வருடமாக இதே பிழைப்பு. போன ஐப்பசி மழையில் ஒரு வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். மாடிப் போர்ஷன், பின்பக்கம் வாஷிங் மெஷின். குடியிருக்கும் அக்கா சொன்னார்: "தொட்டா சுருக்கு சுருக்குன்னு அடிக்குது தம்பி. ஓனரம்மாகிட்ட சொன்னேன். செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்கன்னுட்டாங்க." மெஷின் பாடியில் டெஸ்டரை வைத்தேன், எரிந்தது. பிளக் பாயின்ட்டைக் கழற்றினால் மூன்று ஓட்டைக்கு இரண்டே ஒயர். கசிகிற கரண்ட்டை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் ஓட்டை சும்மா அழகுக்கு.

இந்தச் செருப்பு வைத்தியத்தை நிறைய வீடுகளில் கேட்டுவிட்டேன். சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. "லேசாத்தானே அடிக்குது" என்று நிஜமாகவே நம்புகிறார்கள். அந்த 'லேசா'வைப் பற்றித்தான் இந்த மடல்.

வீட்டுக்கு வருவது 230 வோல்ட். அதில் எவ்வளவு கரண்ட் உடம்புக்குள் போகும் என்பது வழியில் இருக்கும் தடையைப் பொறுத்தது. காய்ந்த விரல் நுனியால் பட்டும் படாமல் தொட்டால் தோலின் தடை பல ஆயிரம் ஓம் இருக்கும். துணி அலசிய ஈரக் கையால் அழுத்திப் பிடித்து, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றால் ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230ஐ ஆயிரத்தால் வகுத்தால் 230 மில்லி ஆம்பியர். இன்றைக்குச் சுருக்கென்றது ஈரத்தால் வந்த சின்னக் கசிவாக இருக்கலாம். நாளைக்கு உள்ளே ஒரு ஒயரை எலி கடித்து, அது பாடியில் பட்டால் முழு பேஸும், அதாவது கரண்ட் கொண்டு வரும் ஒயரின் முழு 230 வோல்ட்டும், அங்கே வந்து நிற்கும். மெஷின் என்னவோ அதே மெஷின்தான்.

சரி, எத்தனை மில்லி ஆம்பியர் ஆபத்து? ஒன்று வந்தால் சுருக்கென்று தெரியும். பத்து, பதினைந்து வந்தால் பிடித்த கையை விட முடியாது. "கரண்ட் இழுத்துப் புடிச்சுக்கிச்சு" என்று சொல்வோமே, உண்மையில் இழுப்பது நம் சொந்தத் தசைதான். விரலை மடக்கும் தசைகள் விரிக்கும் தசைகளைவிட வலுவானவை. கரண்ட் இரண்டையும் சேர்த்தே முடுக்கும்போது மடக்கும் பக்கம் ஜெயித்துவிடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் தன்னார்வலர்களை வைத்து இதை அளந்தார். கையை விட முடிகிற கடைசி அளவு சராசரியாக ஆண்களுக்கு 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்கு பத்தரை என்று வந்தது.

கை விடாவிட்டால் நேரம் கூடும். நேரம் கூடினால் மற்றது எல்லாம் கூடும். முப்பது, நாற்பது மில்லி ஆம்பியர் மார்பு வழியாகப் போனால் மூச்சுத் தசைகள் இறுகும். அதற்கு மேல் இதயம். இதயம் தன் சொந்த மின் துடிப்பில் ஓடுகிற பம்பு. நம் கரண்ட் நொடிக்கு ஐம்பது சுற்று. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அசந்திருக்கும் ஒரு சின்ன இடைவெளி உண்டு. வெளிக் கரண்ட் அந்தச் சமயத்தில் புகுந்தால் தாளம் கலைந்து, துடிக்க வேண்டிய இதயம் வெறுமனே நடுங்கும். ரத்தம் மூளைக்குப் போகாது. ஒரு கையில் ஏறி மறு கையிலோ காலிலோ இறங்கும் ஷாக் பொல்லாதது என்பது இதனால்தான், வழியில் மார்பு இருக்கிறது.

நாற்பது மில்லி ஆம்பியர் என்பது ஒரு 9 வாட்ஸ் எல்இடி பல்ப் எரியத் தேவையான கரண்ட். அவ்வளவுதான்.

"அதான் டிரிப்பர் இருக்கே" என்பீர்கள். எம்சிபியைச் சொல்கிறீர்கள். அது 16 ஆம்பியர், அதாவது பதினாறாயிரம் மில்லி ஆம்பியர். ஒயர் சூடாகித் தீப்பிடிக்காமல் இருக்க வைத்தது. ஒரு மனுஷர் வழியாக 230 மில்லி ஆம்பியர் போனால், வீட்டில் யாரோ சீலிங் ஃபேன் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, அது வேறு எங்கோ கசிகிறது என்று கண் இமைப்பதற்குள் வெட்டிவிடும். (இந்த வகைக் கருவி ஒன்றை 1961இல் உருவாக்கியதும் அதே டால்சீல்தான்.) ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தவரை இதுவும் காப்பாற்றாது. எர்த்தும் வேண்டும்: மெஷின் பாடிக்குக் கரண்ட் வந்த உடனே, யாரும் தொடும் முன்பே ஆர்சிசிபி விழ அதுதான் வழி.

எங்கள் ஆட்கள் மேலும் குற்றம் உண்டு. எர்த் ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, பிளக்கிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் அந்த லைனில் உள்ள மெஷின் பாடியெல்லாம் பேஸ் ஆகிவிடும். இன்னொன்று, ஆர்சிசிபியைப் பார்த்து "மழை பெஞ்சா அடிக்கடி விழுது, அதை எடுத்துட்டு நேரா கொடுத்துடுங்க" என்று நீங்கள் சொல்வது. அது விழுவது எங்கோ கசிவதால். கசிவைத் தேடுங்கள்.

நான் கேட்பது கொஞ்சம்தான். உங்கள் போர்டில் 'T' என்று எழுதிய ஒரு சின்ன டெஸ்ட் பட்டன் இருக்கிறதா பாருங்கள், அதுதான் ஆர்சிசிபி. இருந்தால் மாதம் ஒரு முறை அழுத்துங்கள், விழ வேண்டும். இல்லையென்றால் இரண்டு, மூன்றாயிரம் ரூபாய்க்குள் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி மாட்டலாம். எர்த் குழி காய்ந்து கிடக்கிறதா என்று கோடையில் பார்த்துத் தண்ணீர் ஊற்றுங்கள். துணி காயப்போடும் கம்பியைக் கரண்ட் ஒயர் பக்கத்தில் கட்டாதீர்கள், நைலான் கயிறு போதும்.

அப்புறம், யாருக்காவது அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். ஆள் அசைவில்லாமல், மூச்சு இல்லாமல் கிடந்தால் 108க்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருங்கள்.

அந்த மாடி வீட்டில் எர்த் இழுத்து, ஆர்சிசிபி மாட்ட ஒரு நாள் ஆனது. ஓனரம்மா கூலியில் நூறு ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார். மறுவாரம் அவரே ஃபோன் செய்தார்: "நம்ம கிரைண்டரும் ரொம்ப நாளா அடிக்குது தம்பி. ஒரு எட்டு வந்து பாத்துடுங்க." வியாழக்கிழமை போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வயர்மேன்