கதவு எந்தப் பக்கம் தெறக்குதுன்னு பாரு கண்ணு

கண்ணு,

நேத்து ராத்திரி நீ போனை வெச்சதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கமே வரல. உங்கம்மா என்னாச்சுன்னு கேட்டா, காலேஜ் ரிவ்யூல பிளானைப் பார்த்துட்டு கொஞ்சம் திட்டிட்டாங்களாம்னு மட்டும் சொன்னேன், நீ அழுததைச் சொல்லல. போன்ல எனக்குப் பேச்சு வராது, அதான் டைப் பண்றேன், பொறுமையா படி.

கூடப் படிச்ச சிவில் பசங்கெல்லாம் பெங்களூர்ல செட்டில் ஆயிட்டாங்க, நான் இன்னும் காலேஜ் ஸ்டுடியோல கட்டட மாடலுக்கு அட்டை வெட்டி ஒட்டிட்டிருக்கேன்னு சொன்ன. அமெரிக்காவுல மூணு வருஷம் எம்.ஆர்க், அதான் கட்டடம் வடிவமைக்கற மேல்படிப்பு, முடிச்சாலும் ஆர்கிடெக்ட்னு போட்டுக்க முடியாது, அப்புறம் 3740 மணி நேரம் வேலை பார்த்து கணக்கு எழுதணும், 6 பரீட்சை பாஸாகணும், அதுக்கப்புறந்தான் லைசென்ஸ்னு சொன்னப்ப எனக்கும் மலைப்பாதான் இருந்துச்சு. ஆனா சாமி, என் கரண்டு ஒயரிங் தொழில்ல கம்பியாள் உதவியாளர் பரீட்சை எழுதறதுக்கே 5 வருஷம் வேலை பார்த்திருக்கணும்னாங்க. சுவத்துல காடி வெட்டி, கான்கிரீட் போடறதுக்கு முன்னாடி கம்பிக்கு நடுவுல பைப் ஓட்டி, உள்ளங்கையெல்லாம் காய்ச்சுப் போச்சு. தொழில் எனக்கு அந்த வருஷங்கள்லதான் வந்துச்சு, பரீட்சை ஹால்ல வரல.

அந்த 3740 மணி நேரம் எதெதுக்குன்னு நீ அனுப்புன லிஸ்ட்டை நாலு தடவ பார்த்தேன். டிராயிங், டாக்குமெண்ட் வேலைக்கு மட்டும் 1520 மணி நேரம், கட்டடம் கட்டறப்ப கூட இருந்து பார்க்கறதுக்கு 360. நாளைக்கு 8 மணி நேரம்னு வெச்சா 45 நாள்தான். அந்த 45 நாளை மட்டும் கடனேன்னு கழிச்சிராத.

ஏன் சொல்றேன்னா, நீ ஏழாவது படிக்கறப்ப ஒரு பெரிய வீட்டுக்கு ஒயரிங் எடுத்திருந்தேன். டிராயிங்ல சுவிட்ச் போர்டு காட்டுன எடத்துல அப்படியே பாக்ஸ் வெச்சு, பூச்சும் முடிஞ்சு, ஆசாரி வந்து கதவு மாட்டுனா போர்டு கதவுக்குப் பின்னாடி போயிருச்சு. இருட்டுல உள்ள போய் கதவைச் சாத்திட்டுதான் லைட்டைப் போடணும். 6 ரூம்லயும் அதே கதை. பூசுன சுவத்தை மறுபடி உடைச்சேன், அந்த வீட்டுக்காரம்மா தூசிக்குள்ள நின்னு பார்த்துட்டே இருந்தாங்க, கண்ணுல தண்ணி. கடன் வாங்கிக் கட்டுன வீடு. வரைஞ்சவர் ஒருநாள் சைட்டுக்கு வந்து ஆசாரிகிட்ட ரெண்டு வார்த்தை பேசியிருந்தா அந்த உடைப்பே வேண்டாம்.

சிவில் படிச்ச வருஷம் வீண்னு சொன்ன பாரு, அதுதான் எனக்கு ரொம்ப வருத்தம். சிகாகோ போன புதுசுல சியர்ஸ் டவர் (இப்ப பேரு வில்லிஸ் டவர்) போட்டோ அனுப்பி நீதான எனக்குச் சொன்ன, 110 மாடி, டாக்காவுல பொறந்த ஃபஸ்லூர் கான் இன்ஜினியர், புரூஸ் கிரஹாம் ஆர்கிடெக்ட், ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ், 9 டியூப்பைச் சேர்த்துக் கட்டுன மாதிரி நிக்குதுன்னு. அங்க ரெண்டு பேருக்கு நடுவுல நடந்த பேச்சு உனக்கு ஒரே மண்டைக்குள்ள நடக்கும். ரிவ்யூல உக்காந்தவங்களுக்கு அது இன்னும் தெரியல, அவ்வளவுதான்.

லோன் டியூ நான் கட்டிக்கிறேன், அதை நெனச்சு சாப்பாட்டைக் கொறைக்காத. திட்டு வாங்குன அந்த பிளானை வாட்ஸாப்ல அனுப்பு, கதவெல்லாம் எந்தப் பக்கம் தெறக்குதுன்னு நான் பார்க்கறேன்.

அப்பா