வசந்தாவுக்கு, அண்ணனின் மறதி பற்றி

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு மறதி கூடிக்கொண்டே போகிறது, கேஸை அணைத்தோமா என்று மறுபடி மறுபடி எழுந்து போய்ப் பார்க்கிறார், பேரன் பெயரைச் சொல்லத் தடுமாறுகிறார் என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். மகள் ஞாபக சக்தி மாத்திரை அனுப்பியிருக்கிறாள், தினமும் வால்நட் ஊறவைத்துக் கொடுக்கிறேன், வேறு என்ன கொடுக்கலாம் என்று கேட்டிருந்தாய். என் மாமியாரைப் பார்த்துக்கொண்ட நாட்களில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். டாக்டர்களையும் துளைத்தெடுத்தேன். தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ரத்தப் பரிசோதனை. சாப்பாடு அப்புறம். அண்ணன் சர்க்கரைக்குப் பல வருஷமாக மெட்ஃபார்மின் போடுகிறார் இல்லையா, அது நாள்பட உடம்பில் வைட்டமின் பி12 சத்தைக் குறைத்துவிடலாம். நெஞ்செரிச்சலுக்குக் காலையில் போடுகிற மாத்திரையும் வருஷக்கணக்கில் போட்டால் அப்படித்தான். வயதானவர்களுக்கு வயிற்றில் அமிலம் சுரப்பது குறைந்து, சாப்பாட்டில் இருக்கிற பி12 சரியாகச் சேராமலும் போகும். கீரையிலும் பருப்பிலும் வால்நட்டிலும் அது கிடையாது. மீன், முட்டை, கறி, பால், தயிர் இவற்றில்தான் உண்டு. குறைந்தால் மறதி, குழப்பம், கால் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது எல்லாம் வரும். பார்க்கிறவர்கள் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். என் மாமியாருக்கும் அதுதான் இருந்தது. ஊசி போட ஆரம்பித்த பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடவில்லை. ஆனால் சாப்பிட்டு முடித்த கையோடு "இன்னும் சாப்பாடு போடலையே" என்று கேட்பது நின்றது. அது எங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. தைராய்டையும் சேர்த்துப் பார்க்கச் சொல். காதையும் பரிசோதிக்கட்டும். காது மந்தமானால் பேச்சு குறையும், பேச்சு குறைந்தால் மூளைக்கு வேலை குறையும்.

மகள் அனுப்பிய மாத்திரை டப்பாவில் ஜிங்கோ என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். அது ஒரு மரத்து இலையின் சாறு. அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய மூவாயிரம் பேருக்கு மேல் வைத்து வருஷக்கணக்கில் அதைச் சோதித்து, 2008ல் முடிவு வெளியிட்டார்கள். மறதிநோயை அது தடுக்கவில்லை. அண்ணன் ஆஸ்பிரினும் போடுவதால், டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்காதே, ரத்தக் கசிவுக்கு இடமாகலாம். வல்லாரைத் துவையல் எனக்கும் பிடிக்கும். துவையலாகத்தான் சாப்பிடுகிறேன், மருந்தாக இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகத்தில் கீரை, பருப்பு, மீன், கொட்டைகள் அதிகமாகவும் வெண்ணெய், இனிப்பு, பொரித்தது குறைவாகவும் இருக்கிற ஒரு சாப்பாட்டு முறையை வகுத்தார்கள். அந்த மாதிரிச் சாப்பிடுகிறவர்களுக்கு மறதிநோய் குறைவாக வருகிறது என்று 2015ல் எழுதினார்கள். பிறகு அதையே 604 பேரை இரண்டாகப் பிரித்து மூன்று வருஷம் சோதித்தபோது, 2023ல் வந்த முடிவில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் பின்லாந்தில் 1,260 பேரில் பாதிப் பேருக்குச் சாப்பாட்டோடு உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, பிரஷர் சர்க்கரைக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருஷம் கொடுத்தபோது பலன் தெரிந்தது. அதனால் வால்நட் மாதிரி ஒரு பண்டத்தின் மேல் நம்பிக்கை வைப்பதை நான் விட்டுவிட்டேன்.

லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024ல், மறதிநோய்க்குக் காரணமாகி நம்மால் மாற்றக்கூடிய 14 விஷயங்களைப் பட்டியல் போட்டது. அதில் சாப்பாடு என்று தனியாக ஒன்றும் இல்லை. ஆனால் ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், மது, இந்த ஐந்தும் இருக்கின்றன. எல்லாமே சாப்பாட்டோடும் குடியோடும் சம்பந்தப்பட்டவைதானே. மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் நூல் மாதிரி மெல்லியவை, அழுத்தம் கூடினால் அவையும் அடிபடும். அதனால் உன் சமையலறையில் முதலில் கை வைக்க வேண்டியது உப்பில். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது மட்டமாக ஒரு டீஸ்பூன், எல்லாம் சேர்த்து. அண்ணனுக்குத் தினமும் ஊறுகாய், அப்பளம், சாயங்காலம் மிக்சர், அப்புறம் கருவாட்டுக் குழம்பு என்றால் கணக்கு எங்கேயோ போய்விடும். கருவாட்டை நிறுத்தச் சொன்னால் அவர் என்மேல் கோபப்படுவார், தெரியும். மாதத்துக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வால்நட்டுக்குக் காசைக் கொட்டாதே. நம் பக்கத்து மல்லாட்டையை வேகவைத்துக் கொடு. முருங்கைக்கீரை, பருப்புக்கீரை, எது கிடைக்கிறதோ அது தினமும் ஒரு கைப்பிடி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஓடு முடிந்து விசைப்படகுகள் போகின்றன, முதுநகரில் மத்தி நன்றாக வருகிறது. மூளைக்கு வேண்டிய கொழுப்பு மத்தியிலும் கானாங்கெளுத்தியிலும் நிறைய. விலையும் வஞ்சிரம் பக்கம் போகாது. எண்ணெயில் முக்கிப் பொரிக்காமல் குழம்பில் போடு.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: "ராத்திரி டீயும் ரஸ்க்கும் போதும் என்கிறார்." என் மாமியாரும் அங்கேதான் ஆரம்பித்தார். தட்டில் சோற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு மோரை மட்டும் ஊற்றிக் குடிப்பார். பசியில்லை என்றே நினைத்தோம். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான், பல்செட் ஈறில் உரசி மென்று விழுங்க முடியாமல் இருந்தது தெரிந்தது. பல்செட்டைச் சரிசெய்து, மீனை முள் எடுத்து உதிர்த்து, சோற்றைக் குழைய வடித்துப் போட்டோம். சாப்பிட்டார். அண்ணன் ராத்திரிச் சோற்றையும் மீனையும் ஏன் விட்டார் என்று கேட்டாயா? முள்ளுக்குப் பயமா, பல்லா, இல்லை தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லையா? நீ டியூஷன் முடித்து ஒன்பது மணிக்குத்தான் சாப்பிட உட்காருகிறாய். அவரோடு ஏழரைக்கே உட்கார முடியுமா என்று பார். உடம்பு எடை இறங்கியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல். வயதான காலத்தில் தானாக எடை குறைவது நல்லதில்லை.

என் பக்கம் எல்லாரும் சௌக்கியம். சின்னவளுக்கு நெய்வேலியில் வேலை கிடைத்திருக்கிறது, பஸ்ஸில்தான் போய்வருகிறாள்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். அதற்குள் எந்த லேப் என்று விசாரித்து வை, அண்ணனின் ரத்தப் பரிசோதனைக்கு நானும் கூட வருகிறேன். அவர் போடுகிற மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் எடுத்து வை, பழையவற்றையும் சேர்த்து.

அன்புடன்,
உன் கோமதி