வெயில் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் செட்டிநாட்டுச் சாலைகளைப் பற்றி உங்கள் நிருபர் எழுதியதில், ‘வெயிலில் தார் உருகுவதாலேயே இப்பகுதிச் சாலைகள் விரைவில் பழுதாகின்றன’ என்று ஒரு வரி. யார் சொன்னது என்று போடவில்லை. காண்ட்ராக்டர்கள் அதைக் கத்தரித்து ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்.

நான் ஜல்லியையும் தாரையும் சூடாகக் கலக்கிற ஹாட் மிக்ஸ் பிளாண்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வுபெற்றவன். தார் கூடிப்போன இடத்தில் சித்திரை வெயிலுக்கு இளகிச் செருப்பில் ஒட்டும், வாஸ்தவம்தான். ஆனால் நீங்கள் போட்ட படத்தில் கட்டம் கட்டமாக வெடிப்பல்லவா இருக்கிறது? இறுகிப்போன தார்தான் ஐயா அப்படி வெடிக்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் சேரச் சேர, எண்ணெய்ப் பசையான பங்கு குறைந்து அஸ்பால்டீன் என்கிற கெட்டிப் பங்கு கூடும், வளைந்துகொடுக்கிற குணம் போய்விடும். வெயில் அதைத் துரிதப்படுத்தும், மறுக்கவில்லை. மின்வேதியியலுக்கென்றே சிக்ரி என்கிற ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர்ப்பக்கம் செய்தி சேகரிப்பவர்கள், உங்களுக்குத் தெரியாததா?

தார் முதலில் கிழடு தட்டுவது பிளாண்டிலேதான். ஜல்லி மேல் மெல்லிய படலமாகப் பூசும்போது சூடும் காற்றும் ஒருசேர அதைத் தாக்குகின்றன. ரோட்டுக்குப் போடுகிற வி.ஜி. 30 என்ற ரகத் தாருக்கு 165 டிகிரிக்கு மேல் தேவையே இல்லை. தூரத்து வேலை, போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும் என்று கன்னாபின்னாவென்று காய்ச்சுவார்கள். வெள்ளைப் பணியாரம் சுட்ட எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகும். டிப்பரில் நீலப்புகை கிளம்பினால் லோடு கருகிவிட்டது என்று அர்த்தம். அதைத் திருப்பி அனுப்பச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

எங்கள் தெருவில் தை மாதம் ரோடு போட்டார்கள், மாசியில் குழாய்க்குத் தோண்டினார்கள் (அந்த வயிற்றெரிச்சல் வேறு). பெயர்த்துப் போட்ட துண்டு ஒன்றை எடுத்து வளைத்தேன், பொட்டென்று ஒடிந்தது. உள்ளே கருகருவென்று பளபளக்க வேண்டியது பழுப்பேறி மங்கிக் கிடக்கிறது, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்கிறது. ஒரு கோடையைக்கூடப் பார்க்காத ரோடு! இதில் வெயில் எங்கே வந்தது?

பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே உத்தரவு போட்டார். எங்கள் தெருவில் இன்னமும் மேலுக்கு மேல்தான். திண்ணைக்கு ஏற ஐந்து படி இருந்த வீட்டில் இப்போது இரண்டு மிச்சம். இன்னும் நாலு தடவை போட்டால் வீட்டு உள்முற்றமான வளவுக்குள்ளேயே காரை ஓட்டிக்கொண்டு போய்விடலாம். இதை எழுதி அனுப்பினேன், உங்களுக்கு இடமில்லை. அதே வாரம் கோழிக் குழம்புக்கும் ஆத்தங்குடிக் கல்லுக்கும் வண்ணத்தில் ஒரு முழுப் பக்கம். அதையெல்லாம் பார்க்க வருகிறவர்கள் ஆகாயத்திலா வருகிறார்கள்?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அடுத்து எங்காவது ரோடு போட்டால் நிருபரைத் தெர்மாமீட்டரோடு அனுப்புங்கள், டிப்பர் கொட்டும்போதே கலவைக்குள் குத்திப் பார்க்கட்டும். அலுவலகத்தில் இல்லையென்றால் என்னுடைய பழையது இருக்கிறது, தருகிறேன். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து ஒரு பழைய சந்தாதாரர்