பொந்துக்குள் போகும் முன்

தங்கம்,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்புப் பாறையில் ஒரு பொந்து, அதன் வாயில் விரலை வளையமாக்கிக் காட்டிக்கொண்டு நீ. கீழே, "சின்ன லாவா டியூப்தான்ப்பா, இந்தப் பக்கம் நுழைஞ்சா அந்தப் பக்கம் வந்துடலாம், அடுத்த வாரம் உள்ளே போறோம்" என்று எழுதியிருக்கிறாய். ஹவாய்க்குப் போகாதே என்று நான் சொன்னதில்லை, டைவிங் படிக்கப் பணம் கட்டியதும் நான்தான். ஆனால் எரிமலைக் குழம்பு ஓடிக் கடலுக்கடியில் விட்டுப்போன இந்தக் குழாய் மாதிரிப் பொந்தைப் பற்றிக் கொஞ்சம் பேசணும்.

உன் கையில் இருப்பது ஓப்பன் வாட்டர் கார்டு, டைவிங்கில் முதல் படி முடித்ததற்கான அட்டை. 18 மீட்டர் வரை, தலைக்கு மேலே திறந்த தண்ணீர் இருக்கிற இடத்துக்கு. அங்கே என்ன கோளாறு ஆனாலும் மேலே வந்துவிடலாம். பாறைக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வந்த பிறகுதான் மேலே. அதுவும் 10 மீட்டர் ஆழத்திலேயே ஒவ்வொரு மூச்சும் கரையில் இழுப்பதைப் போல இரண்டு மடங்கு காற்றைத் தின்னும், பயந்துவிட்டாலோ சிலிண்டர் எப்போது காலியானது என்றே தெரியாது.

ஃப்ளோரிடாவின் ஊற்றுக் குகை வாசல்களில் ஒரு பலகை உண்டு, எமன் மாதிரி ஒரு எலும்புக்கூடு வரைந்திருக்கும். இது போன்ற குகைகளில் 300 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள், டைவிங் சொல்லிக்கொடுக்கிறவர்களும் சேர்த்து, என்று அதில் எழுதியிருக்கிறது. அந்த "சேர்த்து"தான் எனக்கு உறைத்தது. உங்களைக் கூட்டிப்போகிற பையன் இன்ஸ்ட்ரக்டர் என்கிறாய், சரி, குகைக்கென்று தனியாகப் படித்தவனா என்று கேள்.

தாத்தா தூத்துக்குடியில் சங்கு குளிக்கப் போன காலத்தில் படகில் கயிறு பிடித்தது என் தாய்மாமா. கயிறு பிடிக்க மச்சினனைத்தான் வைப்பார்கள், தங்கச்சி தாலிக்காகவாவது கண் அசராமல் பிடிப்பான் என்று. தாத்தா ஒரு இழு இழுத்தால் மாமா தூக்கிவிடுவார். குகையில் தூக்கிவிட ஆள் கிடையாது. வெளியே வெளிச்சத்தில் முதல் முடிச்சைப் போட்டு, உள்ளே போகப் போகக் கயிற்றை விட்டுக்கொண்டே போகணும். சேறு கலங்கி உன் கையே உனக்குத் தெரியாதபோது அதைத் தடவிக்கொண்டு திரும்பலாம்.

2017இல் மயோர்க்கா தீவில் சிஸ்கோ கிராசியா என்பவருக்கு அந்தக் கயிறுதான் போய்விட்டது. புதுசும் இல்லை, பல வருஷம் குகைக்குள் போய்வந்தவர். தேடித் தேடியே காற்று குறைந்து, அவரும் கூட வந்தவரும் தண்ணீருக்கு மேலே காற்று தங்கியிருந்த ஒரு அறைக்குள் வந்து சேர்ந்தார்கள். மிச்சக் காற்று ஒருத்தருக்குத்தான் காணும் என்று நண்பரை அனுப்பிவிட்டு இவர் இருட்டில் 60 மணி நேரம் உட்கார்ந்திருந்தார், அந்த அறைக் காற்றும் கெட்டுத் தலைவலியோடு. பிழைத்தார். அந்த அறை இல்லையென்றால்?

லாவா டியூபில் சேறு குறைவு, கூரை ஓட்டை வழியாக வெளிச்சம் வரும் என்பாய். நிஜம்தான். அங்கே எமன் அலை. மேலே பெரிய அலை ஒன்று போனால் குழாய்க்குள் தண்ணீர் குபுக்கென்று தள்ளும், அதே வேகத்தில் பின்னால் இழுக்கும், பாறையோ சொரசொரவென்று தோலை உரிக்கிற மாதிரி. குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து பெரிய அலை வருகிற ஊர் வேறு.

அதனால் கடல் அமைதியாக இருந்து, அந்த முனை வெளிச்சம் இந்த முனையில் தெரிந்து, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நீந்த இடமும் இருந்தால் போய் வா. வளைந்து இருட்டாகப் போகிறதா, வாசலிலேயே திரும்பு. கட்டைவிரலைத் தூக்கினால் "மேலே போவோம்", ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது என்று நீதானே எனக்குச் சொன்னாய். கூட வந்தவர்கள் என்ன நினைப்பார்களோ என்று கூச்சப்படாமல் தூக்கு.

குகை ஆசை விடவில்லை என்றால் முறையாகப் படி, பாதிப் பணம் நான் தருகிறேன். ஒரு பங்கு காற்று போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு ஆபத்துக்கு, ஆளுக்கு மூன்று விளக்கு, இதெல்லாம் அங்கேதான் பழக்குவார்கள்.

வெளியே வந்ததும் இங்கே மணி என்ன என்று பார்க்காமல் கூப்பிடு. அந்தப் படத்தை அம்மாவிடம் நான் இன்னும் காட்டவில்லை, அவளுக்கு ஆமை படம் ஏதாவது அனுப்பிவை.

அப்பா