மாலை போட்ட படத்தோடு வாத்தியாரை முடித்துவிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பர்மாவில் தாட்டோன் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நெடுங்காலம் தமிழ் சொல்லிக்கொடுத்த பெரியவரின் மறைவுச் செய்தியைத் தங்கள் இதழில் பார்த்தோம். வெளியிட்டதற்கு நன்றி. மாலை போட்ட படம் இருந்தது. சொந்த ஊர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் விவரமும் ‘சிறந்த பண்பாளர், தமிழ்த் தொண்டர்’ என்ற வரியும் இருந்தன. அவர் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து என்ன செய்தார் என்பதுதான் இல்லை. அதைச் சொல்லவே இந்தக் கடிதம். துக்கம் ஆறாத வீட்டுக்குத் தொந்தரவு வேண்டாம் என்பதால், ஊர் கூப்பிட்டபடியே ‘வாத்தியார்’ என்று எழுதுகிறோம்.

பழைய கதை வாசகர்களுக்குத் தெரியும். 1942இல் ஜப்பான்காரன் வந்தபோது பர்மாவிலிருந்த இந்தியரில் லட்சக்கணக்கானோர் கால்நடையாக இந்தியாவுக்குப் போனார்கள். 1964இல் கடைகள் அரசுடைமை ஆனதும் மிச்சமிருந்தவர்களில் பெருங்கூட்டம் கப்பல் ஏறியது. 1965இல் தனியார் பள்ளிகளை நாட்டுடைமை ஆக்கும் சட்டம் வந்தது. அதன்பிறகு கிராமத்துப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து என்றால் கோயில் மண்டபம், ஒரு கரும்பலகை, சம்பளம் இல்லாத ஒரு வாத்தியார், இவ்வளவுதான்.

அந்தப் பிள்ளை யார் என்று பார்த்தால்தான் வாத்தியாரின் வேலை புரியும். வீட்டில் தமிழ் பேசும். அரசுப் பள்ளியில் ‘கஜீ, ககுவே’ என்று பர்மிய எழுத்து 33ஐயும் ஏற்கெனவே படித்திருக்கும். ஏழெட்டு வயதில் மண்டபத்துக்கு வரும். தமிழ்நாட்டிலிருந்து வரும் அரிச்சுவடியோ, எந்த எழுத்தும் தெரியாத பிள்ளைக்காக எழுதியது. இரண்டும் பொருந்தாது. வாத்தியாரின் பெருமை இதைக் கண்டுகொண்டதில் இருக்கிறது. பர்மிய எழுத்தை இடைஞ்சலாக நினைக்காமல் அதையே ஏணியாக வைத்துப் பிள்ளைகளைத் தமிழுக்கு ஏற்றினார்.

முதல் நாள் ‘அ’ எழுதமாட்டார். ‘ப’ எழுதுவார். பர்மிய ‘ப’வும் மேலே வாய் திறந்த எழுத்துதான், அதன் அடி வளைவு, நம்முடையது மட்டம், அவ்வளவே வித்தியாசம். அடுத்தது ‘ய’. அதுவும் இரண்டு மொழியிலும் உறவுக்காரர்போல இருக்கும். பிறகு ம, ட, வ. பக்கத்தில் கால் போட்டால் நெடில் என்பது பர்மியத்திலும் உண்டு. ஆகவே முதல் வாரக் கடைசியில் பிள்ளை பாய், வாய், படம், பாடம், மாமா என்று வாசித்துவிடும். வீட்டுக்குப் போய் மாமா பெயரைச் சுவரில் கரியால் எழுதும். அந்தச் சந்தோஷம்தான் அடுத்த வாரம் பிள்ளையை மறுபடி வரவைத்தது.

கொம்பும் அப்படித்தான். ‘கெ’ என்பதில் உயிர்க்குறி முன்னால் வருவதும், ‘கொ’ என்பதில் எழுத்தை இரண்டு பக்கமும் அணைத்து நிற்பதும் தமிழ்நாட்டுப் பிள்ளைக்குப் புதிர். பர்மிய எழுத்து படித்த பிள்ளைக்கு அது பழகிய வழக்கம். அரிச்சுவடி கடைசிப் பக்கத்தில் வைத்திருப்பதை வாத்தியார் மூன்றாம் வாரமே முடித்துவிடுவார். இவர்களுக்கு இடறுவது வேறு இடம். எ, ஏ இரண்டுக்கும் ஒற்றைக் கொம்பா சுழிக் கொம்பா என்று குழம்பும். அதற்கு மட்டும் தனியாக இரண்டு நாள் ஒதுக்குவார்.

உகர வரிசையைக் கேட்டால் எந்தத் தமிழாசிரியரும் பெருமூச்சு விடுவார். பர்மியத்தில் உகரம் எப்போதும் எழுத்துக்கு அடியில் ஒரே கோடு; அதன் பெயருக்கே ‘ஒரு கோடு இழுத்தது’ என்றுதான் பொருள். ஊகாரம் என்றால் இரண்டு கோடு. நம் உகரமோ எழுத்துக்கு எழுத்து மாறும். வாத்தியார் 18 எழுத்தையும் மூன்று குடும்பமாகப் பிரித்தார். அடியில் கோடு இறங்கும் பு, யு, வு, சு, ஙு ஐந்தும் பர்மியச் சாயல் என்பதால் முதலில் வரும். வளைத்துச் சுற்றும் கு, டு, மு, ரு, ழு, ளு ஆறும் அடுத்தது. கீழே போய் மேலே ஏறும் து, நு, லு, று, னு, ணு, ஞு ஏழும் கடைசி. ஒரு குடும்பம் கைக்கு வந்த பிறகே அடுத்தது. மூன்றையும் கலந்து கொடுத்தால் பிள்ளை எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும்.

புள்ளியில்தான் பெரிய பள்ளம். பர்மியத்தில் எழுத்தின் தலையில் சிறு வட்டம் வைத்தால் மூக்கொலி சேரும். அதனால் ‘ப்’ என்று எழுதிக் காட்டினால் பிள்ளை ‘பங்’ என்று வாசிக்கும். தப்பு பிள்ளையுடையது அல்ல, அது படித்த பாடம் அப்படி. பர்மியத்தில் உயிரை நீக்குவதற்கு ‘அதத்’ என்ற வேறு குறி உண்டு. ‘நம் புள்ளி அந்த வட்டம் இல்லை, இதுதான் நம்ம அதத்’ என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்துச் சொன்னால் பழகிய நாக்கைத் திருப்ப இன்னொரு மாதம் ஆகும்.

‘க’ ஒன்றுக்கு இத்தனை ஒலியா என்று கேட்காத பிள்ளை இல்லை. பர்மியத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து. கப்பல், பக்கம், தங்கம், நகம் நான்கிலும் ஒரே எழுத்து என்றால் நம்பமாட்டார்கள். அதற்கு வாத்தியார் எடுத்துக்காட்டியது பர்மியச் சொல் ஒன்றையே. பேச்சு என்று பொருள்படும் ‘ஸகா’. அதில் வல்லின ககரத்தை எழுதிவிட்டு, தங்கத்தில் வரும் ககரமாகத்தானே எல்லோரும் சொல்கிறார்கள்? பிள்ளை சிரித்துவிடும். விதி தானாகவே உள்ளே போய்விடும்.

நாக்குப் பயிற்சி மூன்றைச் சொல்லியாக வேண்டும். பர்மியர் ரகர எழுத்தை யகரமாகவே ஒலிப்பதால் மரம் ‘மயம்’ ஆகும். ‘அடா அடா அடா’ என்று வேகமாகச் சொல்லச் சொல்லி, நாக்கு நுனி இலேசாகத் தட்டுவதைப் பிள்ளை உணர்ந்ததும் ‘அரா’ என்று மாற்றுவார். அடுத்தது ல, ள, ழ. நுனி மேல்பல்லின் அடியில் தொட்டால் ல. மடங்கி மேலே தொட்டால் ள. மடங்கியும் தொடாமல் நின்றால் ழ. மூன்றாவது ண, ன. இங்கே ஒரு பொறி இருக்கிறது. பர்மியத்திலும் ‘பெரிய ந’, ‘சின்ன ந’ என்று இரண்டு எழுத்து உண்டு. ஒலி ஒன்றுதான், எந்தச் சொல்லுக்கு எது என்பது வெறும் மனப்பாடம். தமிழிலும் அப்படியே என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். எழுதிக் காட்டித் திருத்தினால் பயன் இல்லை. மனம், மணம் என்று காதால் கேட்டுக் கை தூக்கும் விளையாட்டைத்தான் தினமும் 5 நிமிடம் நடத்துவார்.

இவ்வளவும் எத்தனை நாளில் என்று கணக்குப் பாருங்கள். கோடை விடுமுறை மார்ச்சிலிருந்து மே வரை. அதில் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஒரு வாரம் போய்விடும். மற்றத் தடங்கலும் போக நின்று நடப்பது 9 வாரம். வாரத்துக்கு 5 நாள், நாளுக்கு 2 மணி என்றால் மொத்தம் 90 மணி நேரம். 247 எழுத்தையும் பலகையில் போட்டு ஒப்பிக்கவைத்தால் விடுமுறை முடிந்துவிடும். பிள்ளை வாய்பாடு சொல்லும், ‘பட்டம்’ என்று எழுதிக் காட்டினால் விழிக்கும். வேறு சில ஊர்களில் இன்றும் இதுதான் நடக்கிறது. வருத்தத்தோடு சொல்கிறோம், வாத்தியாரின் வழி அடுத்த ஊருக்குக்கூடப் போகவில்லை, ஏனென்றால் அவரைத் தவிர வேறு யாரும் எழுதிவைக்கவில்லை.

அவர் வீட்டில் ஒரு தகரப்பெட்டி நிறைய நோட்டுகள் இருக்கின்றன. எங்களுக்கு அவற்றில் விலைமதிக்க முடியாதவை ‘பிழை நோட்டுகள்’. சொல்வது எழுதுதலில் எந்தப் பிள்ளை எந்தச் சொல்லை எப்படித் தப்பாக எழுதியது, ஏன், அதற்கு என்ன செய்து பார்த்தார், எது பலித்தது என்று தேதியோடு குறித்திருக்கிறார். பர்மாத் தமிழ்ப் பிள்ளைக்கு அரிச்சுவடி எழுத நினைப்பவர் இந்த நோட்டுகளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்த மாதிரிப் பெட்டிகள் பல ஊர்களில் இருக்கும். வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கீழே சொல்வதைக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் நல்ல மனதோடு செய்யும் காரியமே பல நோட்டுகளைக் கெடுத்திருக்கிறது.

பூஞ்சணம் பிடித்த நோட்டை வெயிலில் காயப்போடாதீர்கள். தாள் முறுகி நொறுங்கும், பேனா மை வெளுக்கும். நிழலில், காற்றாடிக் காற்றில், நிமிர்த்தி விரித்து வையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, வெளியில் வைத்து, மென்மையான தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் மை கரையும், பூஞ்சணம் தாளுக்குள் இறங்கும். ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுத்துப் பிரிக்காதீர்கள். அப்படியே விடுவது மேல். கிழிசலுக்கு செலோடேப் வேண்டவே வேண்டாம், சில ஆண்டில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்னும். லேமினேஷன் செய்தால் பிறகு எடுக்கவே முடியாது. துருப்பிடித்த ஊசிகளை மெல்ல நிமிர்த்தி எடுத்துவிட்டு நூலால் தளர்வாகக் கட்டலாம்.

பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது. அருகிலுள்ள மோல்மேன் நகரத்துப் பக்கம் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் பூமி இது. கஞ்சி போடாமல் துவைத்த பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். கஞ்சி இருந்தால் பூச்சி வரும். பெட்டியைத் தரையில் வைக்காமல் நான்கு செங்கல் மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

கைப்பேசியில் படம் எடுப்பவர்கள் ஃபிளாஷை அணைத்துவிட்டு, ஜன்னல் ஓரம், காலை வெளிச்சத்தில் எடுங்கள். கைப்பேசி தாளுக்கு நேர் மேலே இருக்கட்டும், சாய்ந்தால் ஓரத்து எழுத்து மங்கும். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம் தொலைந்ததா, அது வெறுமையாகவே இருந்ததா என்று பின்னால் தெரியாது. அரட்டைச் செயலியில் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி எழுத்து கலங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். மூன்று பிரதி வேண்டும், அதில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. வாத்தியார் தலைமுறை எழுதியது பழைய எழுத்து. யானைத் துதிக்கைபோலச் சுழித்த ணை, லை, ளை, னை நான்கும், கால் ஒட்டிய ணா, றா, னா மூன்றும், அவற்றின் ஒகர ஓகார வரிசை ஆறும், ஆக 13 எழுத்தை 1978இல் தமிழ்நாட்டு அரசு மாற்றியது. இப்போது படிக்கும் பிள்ளைகள் இந்த நோட்டைப் பார்த்தால் தடுமாறுவார்கள். அதற்காக அசலைத் திருத்தி எழுதாதீர்கள். முன்பக்கத்தில் 13க்கும் பழையதும் புதியதுமாக ஒரு அட்டவணையைத் தனித்தாளில் வைத்தால் போதும்.

நோட்டு இல்லாத வாத்தியார்களும் உண்டு. அவர்களிடம் படித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். ‘அவர் எப்படிப்பட்டவர்?’ என்று கேட்டால் ‘தங்கமான மனுஷர்’ என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். முதல் நாள் எந்த எழுத்து எழுதினார், பலகைக்கு எப்படிக் கறுப்பு ஏற்றினார், தப்பு எழுதினால் என்ன செய்தார், பாட்டாகச் சொன்னாரா, மழை நாளில் எங்கே உட்கார்ந்தீர்கள் என்று கேளுங்கள். பலகைக்குக் கோவை இலையும் அடுப்புக்கரியும் சேர்த்துத் தேய்த்ததைச் சொல்லத் தொடங்கினால் பின்னாலேயே பாடமும் வந்துவிடும். ஒருவரைத் தனியாகவும், பிறகு நாலு பேரைச் சேர்த்தும் பேசவையுங்கள். ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். தகரக் கூரைக்குக் கீழே மழையில் பதிவு செய்தால் ஒரு சொல்லும் கேட்காது. கைப்பேசியைப் பேசுபவரிடமிருந்து ஒரு சாண் தூரத்தில், மடித்த துண்டின்மேல் வையுங்கள்.

வாத்தியாருக்குப் பளிங்குக் கல் வைக்க ஊரில் பணம் சேர்கிறது. அதைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. கல்லோடு சேர்த்து, பிழை நோட்டுகளில் வரும் சொற்களை வைத்து ஒரு சிறு பாடப் புத்தகமும் அச்சாக வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள். தங்கள் இதழ் வாரம் ஒரு வாத்தியாரைப் பற்றி அரைப் பத்தி ஒதுக்கி, மேலே சொன்ன கேள்விகளுக்கு வரும் பதில்களை மட்டும் வெளியிட்டாலே பல ஊர் வழிமுறைகள் ஒரே இடத்தில் சேரும். பெட்டிகளைத் திறக்கும் வேலை மே மூன்றாம் வாரத்துக்குள் முடிய வேண்டும். அதன்பிறகு மழை பிடித்துக்கொண்டால் அக்டோபர் வரை எந்தத் தாளையும் காயவைக்க முடியாது.

இப்படிக்கு,
கோயில் மண்டபத் தமிழ் வகுப்புகளில் பணிசெய்வோர் சிலர்,
தாட்டோன் வட்டாரம்